இருபத்திரண்டு வயதுக் குதிரைக்குக் காப்புறுதி தேடிய கரட்டர்

முகாமையாளர் ஐயா, எங்கள் குதிரை ஆபத்தான மிருகம் என்று நீங்கள் சொன்னது பொய். தெரிந்துகொண்டே சொன்ன பொய். மட்டக்களப்பு நகரத்தில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து காப்புறுதி விற்கிற உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. அது மரியாதைக்காக அல்ல. பத்திரிகை ஆசிரியர் வேண்டாம் என்றார்.

மற்ற வாசகர்களுக்கு முதலில் கரட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுவான்கரையில் தேடினாலும், வாவியைக் கடந்து படுவான்கரையில் தேடினாலும், கரட்டரைப்போல ஒரு பிடிவாதக்காரர் அகப்படமாட்டார். கழுதைக்குக்கூட ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும். கரட்டருக்கு அலுக்காது. கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அவர் என் மாமனார்.

கல்குடாவில் அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் கரட்டர். பத்து வருடங்களுக்கு முன் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நுவரெலியாவுக்குப் போய்க் கரட் ஏற்றி வந்து வாழைச்சேனைச் சந்தையில் இறக்குவது தொழில். ஒருநாள் போன இடத்தில், உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்த ஒரு வெள்ளைக் குதிரையை விற்க ஒருவன் நின்றிருக்கிறான். பெட்டைக் குதிரை. லொறியில் பாதி கரட், மீதிப் பாதியில் குதிரை என்று ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். சந்தையில் வியாபாரிகள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"கரட் எங்க?"

"வந்திட்டுது."

"எங்க காணயில்லயே?"

கரட்டர் குதிரையின் வயிற்றைத் தடவிக் காட்டினார். "இதுக்குள்ள."

அன்றைக்கு வந்த பெயர்தான். பிறகு லொறியை விற்றார். லொறியின் நெற்றியில் எழுதியிருந்த பெயரை மட்டும் விற்கவில்லை. அதைக் குதிரைக்கு வைத்தார். சின்னராணி.

நான் தேற்றாத்தீவு ஊர்க்காரன். படகு எஞ்சின் திருத்துகிறவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் போவான். வீடு வளவு எல்லாம் பெண்ணுக்கு எழுதுவார்கள். கரட்டரும் எழுத வந்தார். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டை எழுதினார், வளவை எழுதினார், பேனாவை மூடினார்.

"குதிரையையும் எழுதுங்க," என்றார் கரட்டர்.

"ஐயா, குதிரைய ஆரும் சீதனத்தில எழுதுறல்ல."

"என்ட சொத்தெல்லாம் என்ட மகளுக்குத்தான். குதிரை என்ட சொத்தில்லாம உங்கட சொத்தா?"

எழுதவேண்டியதாயிற்று. என் அம்மா ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை. என் கூட்டாளிகள் பேசினார்கள். "குதிரையில வந்த மாப்பிளையக் கேள்விப்பட்டிரிக்கம். குதிரையோட வந்த பொம்பிளைய இப்பதான்டா காணுறம்." எனக்கு அந்தக் குதிரையைக் கண்டாலே எரிச்சல். மற்றவனுக்குச் சீதனமாக மோட்டார் சைக்கிள் கிடைத்தது, எனக்குச் சாணி அள்ளக் கிடைத்தது.

லொறியை விற்றாலும் லொறி அவரை விட்டுப் போகவில்லை. குதிரையையும் லொறியாகவே நடத்தினார். வெள்ளிக்கிழமை கழுவிப் பொட்டு வைத்து, கழுத்தில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டுவார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டி "றைட்" என்றால் சின்னராணி நடக்கும். ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். பின்னால் நின்று "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்றால் அப்படியே பின்பக்கமாக நடந்து கொட்டிலுக்குள் போய் நிற்கும். முன்பக்கமாக உள்ளே போகவே போகாது. லொறியை எந்த மடையன் முன்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துவான் என்று கேட்பார்.

பாசிக்குடாக் கடற்கரையில் பின்னேரங்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் குதிரையின் தீனிக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் காணும். இடையில் கலியாணங்களும் வரும். ஓட்டமாவடியில் ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றப் போனோம். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக ஏறி இருந்தார். ஊர்வலம் தொடங்கமுன்னர் அவருடைய கூட்டாளி ஒருவர் சந்தோசம் தாங்காமல் ஓடிவந்து, "மாப்பிள, கலக்குடா!" என்று குதிரையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சின்னராணி வெளிக்கிட்டது.

ஓடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன். நடந்தது. ஆனால் நிற்கவில்லை. பெண்வீடு இடப்பக்கம், குதிரை வலப்பக்கம் திரும்பியது. "காக்கா, புடிங்க காக்கா!" என்று அண்ணன்மாரைக் கூப்பிட்டு மாப்பிள்ளை மேலே இருந்து கத்துகிறார். பின்னால் மாப்பிள்ளையின் வாப்பா, மாமாமார், வீடியோக்காரர், நான். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒருவரும் ஒரு தட்டுத் தட்டவில்லை. கரட்டர் மட்டும் அவசரமில்லாமல் பின்னால் நடந்து வந்தார். பிரதான வீதி மரக்கறிக் கடையில் கரட் அடுக்கியிருந்த இடத்தில் குதிரை தானாக நின்றது. மாப்பிள்ளையின் தொப்பிகூடச் சரியவில்லை.

"பாருங்க வாப்பா," என்றார் கரட்டர், மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்து, "ஒரு குலுக்கம் இல்ல. காரில போயிருந்தாலும் இப்பிடிப் போயிரிக்கமாட்டாரு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த சீவியத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. கடற்கரையில் படகு ஓடுகிறவர்களும் சவாரி விடுகிறவர்களும் காப்புறுதி காட்டவேண்டும். காட்டாதவர்கள் மணலில் கால் வைக்கக்கூடாது. படகுக்காரர்கள் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். குதிரைக்கு யார் தருவார்கள்? அதுவும் இருபத்திரண்டு வயதுக் குதிரைக்கு? கடற்கரை இல்லையென்றால் தீனி இல்லை. தீனி இல்லையென்றால் விற்கவேண்டும். வாங்குவதற்கு ஒருவன் ஏற்கெனவே வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான். என்ன செய்ய வாங்குகிறாய் என்று கேட்டதற்கு அவன் சரியாகப் பதில் சொல்லவில்லை. கரட்டர் அவனுக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

"மருமகன், மோட்டச் சைக்கிள எடுங்க," என்றார். "காப்புறுதி எடுத்துக்கொண்டுதான் வாற."

முதல் காப்புறுதிக் கந்தோரில் ஒரு பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்தது. "வாகன இலக்கம் சொல்லுங்க ஐயா."

"இலக்கம் இல்ல மகள். பேர் இரிக்கு."

குதிரை என்றதும் அந்தப் பிள்ளை எழும்பிப்போய் உள்ளே இருந்த எல்லாரையும் கூட்டி வந்தது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். காப்புறுதிதான் ஒருவரும் தரவில்லை.

இரண்டாவது இடத்தில் தருகிறோம் என்றார்கள். வருடத்துக்குக் கட்டவேண்டிய காசைச் சொன்னார்கள். கரட்டர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். "இந்தக் காசுக்கு இன்னொரு குதிரை வாங்கலாம். மறுகா அந்தக் குதிரைக்கு ஆர் காப்புறுதி கட்டுற?"

மூன்றாவது இடத்தில் கால்நடைக் காப்புறுதி மலிவாக இருந்தது. மாடு, எருமை, ஆடு. அவ்வளவுதான். அந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், வீட்டுக்கே வந்தார். கையில் மாட்டுக் காதுக்கு இலக்கத் தகடு அடிக்கிற குறடு. சின்னராணி அதைக் கண்டதும் யாரும் சொல்லாமலே பின்பக்கமாக நடந்து கொட்டிலுக்குள் போய்விட்டது.

"ஐயா, நான் எருமை எண்டு போட்டுத் தாறன்," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "ஒருத்தரும் வந்து பாக்கமாட்டாங்க."

"நாளைக்கு இவள் செத்தா, எருமை செத்துப்போச்செண்டு நான் ஊருக்குச் சொல்லவா?"

"பேப்பரில மட்டும்தானே ஐயா."

"உங்களயும் பேப்பரில மட்டும் எருமை எண்டு எழுதட்டா?"

நல்ல மனிதர் குறடோடு திரும்பிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிடைத்த ஒரே காப்புறுதியை ஒரு விலங்கின் மானத்துக்காக விடுகிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்தது வயதுப் பிரச்சினை. போன இடமெல்லாம் பதினைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்றார்கள். வயதுச் சான்றிதழ் வாங்க மாமா குதிரையை நடத்திக்கொண்டு வர, நான் மோட்டார் சைக்கிளில் போனேன். மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு, "பதினாலு எண்டு எழுதிவிடட்டா?" என்று கேட்டார். கரட்டர் மறுத்தார்.

"ஏன் டொக்டர் வயசைக் குறைக்கிறீங்க? இவளுக்கென்ன கலியாணமா பேசுறம்?"

வெளியே வந்து நான் வெடித்தேன். "மாமா, ஒரு சின்னப் பொய். சொன்னா என்ன கொட்டுண்டா போகும்?"

அவர் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டு சொன்னார். "இவள எனக்கு வித்தவன் ஏழு வயசெண்டுதான் வித்தான் மருமகன். இஞ்ச வந்து பல்லப் பாத்தா பன்னெண்டு. இவளப்பத்தி ஒருத்தன் பொய் சொன்னது காணும்."

மோட்டார் சைக்கிளை உதைத்தேன், அது உடனே வெளிக்கிடவில்லை.

இப்படி அலைந்துதான், முகாமையாளர் ஐயா, உங்கள் அறைக்கு வந்தோம். கதவு உடனே திறந்தது. கட்டக்கூடிய காசைச் சொன்னீர்கள். வயது இருபத்திரண்டு என்றதும் முகத்தைச் சுளித்தீர்கள், ஆனால் மறுக்கவில்லை. குதிரைக்காக அல்ல, ஏறுகிறவர்களுக்காகத் தருகிற காப்புறுதி, அதனால் வயது பெரிய பிரச்சினை இல்லை என்றீர்கள். குதிரைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டீர்கள். என் மனைவி, சீதனம் என்றோம். சிரித்தீர்கள், பரவாயில்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள். கயிறு பிடித்து நடப்பவர் யார் என்று கேட்டீர்கள்.

"நான்தான்," என்றார் கரட்டர்.

"வயது?"

"எழுபத்தொண்டு."

"ஐயா, அறுபத்தைந்துக்கு மேல் நாங்கள் எடுப்பதில்லை."

குதிரைக்கும் வயது கூட, மனிதனுக்கும் வயது கூட. பிறகு நீங்கள் மெதுவாகத் திரும்பி, சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்க்கிறமாதிரி, என்னைப் பார்த்தீர்கள். "இவருக்கு?"

அந்த மேசையில் காப்புறுதி செய்யக்கூடிய வயதில் இருந்த ஒரே உயிர் நான். அன்றிலிருந்து பின்னேரங்களில் எஞ்சின் வேலையை விட்டுவிட்டுக் குதிரைக் கயிறு பிடிக்கப் பழகினேன். கரட்டர் பக்கத்தில் நடந்துகொண்டு, "கிளச்ச விடுங்க மருமகன், கிளச்ச விடுங்க," என்று கத்துவார். எது கிளச் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

முன்பு ஏதாவது விபத்து நடந்ததா என்றும் கேட்டீர்கள். நான் மேசைக்குக் கீழே மாமாவின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு ஓட்டமாவடிக் கலியாணத்தை முதலிலிருந்து கடைசிவரைக்கும் சொன்னார். கடையில் குதிரை தின்ற கரட்டின் விலையையும் சொன்னார். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றீர்கள்.

வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு. ஹோட்டலில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து, பரிசோதனை என்று சொல்லி உங்கள் சின்ன மகளைச் சின்னராணியின் மேல் ஏற்றினீர்கள். நான் கயிறு பிடித்தேன். கரட்டர் வெள்ளைச் சேட்டு உடுத்து நின்றார், மகளின் கலியாணத்துக்கு உடுத்த அதே சேட்டு. ஒரு சுற்றுப் போய் வந்தோம். பிள்ளை இறங்கமாட்டேன் என்றது. இன்னொரு சுற்று. பிறகும் இறங்கமாட்டேன் என்றது. உங்கள் மனைவி படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று ஒரு படம் எடுத்தீர்கள். "நல்ல சாதுவான குதிரை ஐயா," என்று கரட்டரின் தோளைத் தட்டினீர்கள். நாங்கள் காசு கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை உங்கள் கந்தோரிலிருந்து தொலைபேசியில் ஒருவர் பேசினார். முகாமையாளர் நேரில் பார்த்ததில் இது ஆபத்தான மிருகம் என்று முடிவாகிவிட்டதாம். தலைமைக் கந்தோர் மறுத்தது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். மலிவாகத் தர முடியாது என்று சொல்லியிருந்தால் பேசாமல் திரும்பியிருப்பேன். உங்கள் பிள்ளையை ஏற்றி இறக்கிய கையோடு அந்த உயிருக்குக் கெட்ட பெயர் வைத்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சேதியைக் கேட்டதும் கரட்டர் கொட்டிலுக்குப் போய், "இவள் என்ன செய்தாளாம்?" என்று கேட்டார். என்னிடமா, குதிரையிடமா கேட்டார் என்று தெரியவில்லை. அன்றைக்கு இராச்சாப்பாட்டை வேண்டாம் என்றார்.

விடிந்ததும் என்னை எழுப்பினார். "அடுத்த கந்தோர் எங்க மருமகன்?"

திருகோணமலையில் ஒன்று இருக்கிறதாம். அம்பாறையில் ஒன்று. போகப்போகிறோம். பல்லைப் பார்த்துவிட்டுப் போனவன் மறுபடியும் வந்தான். இந்தமுறை அவனைத் துரத்தியது மாமா இல்லை, நான். கரட்டர் எனக்குத் தலையிடி. குதிரை எனக்கு வந்த சீதனம். இரண்டில் ஒன்றைக்கூட ஒருவனுக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஆகவே, முகாமையாளர் ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளைத் தூக்கி ஏற்றியபோது சின்னராணி ஆபத்தான மிருகமா, இல்லையா? தொலைபேசி எடுக்கவேண்டாம். ஆள் அனுப்பவேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, ஊர் முழுக்க வாசிக்கப் பதில் எழுதுங்கள்.