என் அடக்கத்தில் வெர்லின் பாடக் கூடாது

என் சாவையாவது என் இஷ்டப்படி நடத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு என்ன பெயின்ட், கோடைக்கு எந்த ஏரி, காலையில் எனக்கு எத்தனை முட்டை என்பதையெல்லாம் என் மனைவி மார்லிஸ்தான் தீர்மானிக்கிறாள். எங்கள் கல்யாணத் தேதியையே அவள்தான் குறித்தாள். எனக்குத் தகவல் வந்தது. ஆனால் சவப்பெட்டிக்குள் படுக்கப்போகிறவன் நான்தானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் இங்கிரிட் அறிவித்தார். "உங்க அடக்க ஆராதனையை நீங்களே திட்டம் போட்டு எங்கிட்ட சொல்லி வைங்க. என்ன வசனம், என்ன பாட்டு, யார் பாடணும், எல்லாம். நீங்க சொன்னபடிதான் நடக்கும். பின்னால குடும்பத்துல சண்டை வராது."

எங்கள் மினசோட்டா மாநிலத்தில் லூத்தரன் சபைக்காரன் எவனும் எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்க மாட்டான். நான் தூக்கினேன். கையிலிருந்த காபி சட்டைக்குள் போனது.

காரணம் வெர்லின். மார்லிஸின் ஒரே தம்பி. வீடு வீடாக கேஸ் நிரப்புகிற லாரி ஓட்டுகிறான். ஊரில் யார் செத்தாலும் அவன்தான் பாடுவான். யாரும் கூப்பிட்டதில்லை, யாரும் வேண்டாமென்று சொன்னதுமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு நல்லவர்கள். உச்சத்துக்குப் போகும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். நாங்களும் மூடிக்கொள்வோம். போன மாதம் ஒரு அடக்கத்தில், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த விதவை, அவன் இரண்டாவது சரணத்தை எடுத்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

"பாத்தியா மச்சான், உருகிட்டாங்க" என்றான் என்னிடம்.

பாஸ்டரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மார்லிஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்லிட்டு வந்த, ஆர்லன்?"

"ஓக் மரப் பெட்டி. ரெண்டு வசனம். அடக்கம் முடிஞ்சதும் கீழ்க்கூடத்துல சாப்பாடு. ஹாம் சாண்ட்விச், கறி போட்டு நீ சுடுற உருளைக்கிழங்கு ஹாட்டிஷ்."

"நீ செத்த அன்னைக்கும் நான் அவனைக் கட்டிக்கிட்டு அழணுமா?"

"எவனை?"

"அந்த அவன் அடுப்பை!"

"சரி, ஹாட்டிஷ் வேண்டாம்."

"ஹாட்டிஷ் போடாம புருஷனைப் பொதைச்சான்னு ஊரு பேசவா? அத விடு. பாட்டு?"

"ஆர்கன் வாசிச்சா போதும்."

"என் தம்பி?"

"பாடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலி முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதுவும் பறந்து வரவில்லை.

"சரி" என்றாள்.

"சரியா?"

"உன் சாவு, உன் இஷ்டம். நடுவுல நான் யாரு?"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய மனது பண்ணி, அன்று பாத்திரங்களைக்கூட நானே கழுவினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், டிவியில் கால்பந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வெர்லின் வந்தான். வந்தவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஊரில் அம்மாவைக்கூட யாரும் அப்படிக் கட்டிப் பிடிப்பதில்லை.

"மச்சான்! அக்கா சொன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"இதப் பாரு வெர்லின், தப்பா எடுத்துக்காத..."

"தப்பா? இத்தனை பேருக்குப் பாடியிருக்கேன், ஒருத்தனாவது கேட்டிருப்பானா? எல்லாம் பொணம்! நீ ஒருத்தன்தான், 'செத்தப்புறம் எனக்குக் கேக்காது, அப்ப பாடாத, உயிரோட இருக்கும்போதே பாடு'ன்னு சொல்லியிருக்க."

"நானா சொன்னேன்?"

மார்லிஸ் டிவியை அணைத்தாள். "வெளிய சொல்லக் கூச்சம். நீ ஆரம்பி, வெர்லின்."

ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த உலகத்தில் அவன் பாடி என் காதில் விழாமல் இருக்கப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அதை நானே என் வாயால் ரத்து செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்கடுத்த ஞாயிறு தப்பித்து ஏரிக்கு ஓடினேன். உறைந்த ஏரியின் மேல், பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க எனக்கு ஒரு மரக்குடில் உண்டு. ஒரு ஆளுக்கே இடம் போதாது. தூண்டிலைப் போட்டதும் கதவு தட்டப்பட்டது.

"நீ இங்கதான் இருப்பன்னு அக்கா சொன்னா. அடேயப்பா, இங்க நல்லா எதிரொலிக்கும் மச்சான்!"

முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து முழுசாக ஆறு பாட்டு. நான் பனி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். என்னால் நுழைய முடிகிற அளவு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சரணடைந்தேன்.

"மார்லிஸ், அவன் என் அடக்கத்துலயே பாடட்டும்."

"அவன் பாடக் கூடாதுங்கறதுதானே உன் இஷ்டம்?"

"இதுதான் இப்ப என் இஷ்டம்."

"எத்தனை பாட்டு?"

"ஒண்ணு."

"ஏரி நல்லா உறைஞ்சிருக்கு. மார்ச் வரைக்கும் தாங்கும்."

"மூணு!"

"அவனுக்கு அஞ்சு இருந்தாத்தான் குரல் சூடு பிடிக்கும்."

ஐந்து பாட்டும் வெர்லின்தான் பாட வேண்டும், அதுவே என் கடைசி ஆசை என்று பாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். "முடிவா சொல்றீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு வந்தது. டிவியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன். வாசல் மணி அடித்தது. வெர்லின், பாட்டுப் புத்தகத்தோடு.

"நீதான் என் அடக்கத்துல பாடப்போறியே! இங்க எதுக்கு வந்த?"

"அஞ்சு பாட்டு மச்சான், விளையாட்டா? உனக்குப் பிடிச்ச மாதிரி இருக்கான்னு உன்னத்தானே கேக்கணும்? பெட்டிக்குள்ள போயிட்டா எப்படித் திருத்துவ? ஒத்திகை வேணும்னு அக்காதான் சொன்னா."

மார்லிஸ் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். "உனக்கு இன்னும் இருபது வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவசரமில்ல வெர்லின், நிதானமாப் பழகு."

நான் எழுந்து வெர்லினுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன்.