ஆண்டவருக்கு ஓர் உதவியாளர்

பூமியில் ஒரு தனி இனம் உண்டு. சபைக்கு ஒருவராவது நிச்சயம். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று இவரும் படித்திருக்கிறார். அந்த ஏழாம் நாளில் நாற்காலியெல்லாம் யார் எடுத்துப் போட்டது என்பதுதான் இவருக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

நம் ஆளைப் பொறுப்பண்ணன் என்பார்கள். ஆலயத்துச் சாவி இவரிடம், மைக் இவரிடம், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இவரிடம், கூரை ஒழுகினால் வாளி இவரிடம், பாடகர் குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரமும் இவரிடம். "யாராவது ஒருத்தர்..." என்று போதகர் வாயெடுப்பதற்குள் கை மேலே போய்விடும். ஜெபம் செய்ய மாட்டாரா? பேஷாகச் செய்வார்.

"ஆண்டவரே, நம்ம பாடகர் குழு அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். டாக்டர் கொஞ்சம் அவசரக்காரர், பாத்துக்குங்க. புதன்கிழமை நானே போய் என்ன ஆச்சுன்னு பாத்துடறேன்."

நம்பிக்கை இல்லாமல் இல்லை. முழுசாக ஒப்படைக்கத்தான் மனம் வராது.

இந்த லட்சணத்தில் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், "இப்படியே ஓடினா ஒரு நாள் விழுந்துடுவீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனைவி தினமும் கெஞ்ச ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு வாரமாவது உக்காருங்க. சபை எங்கயும் ஓடிடாது."

"இந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும்மா."

கூட்டத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'கர்த்தருக்குள் இளைப்பாறுதல்'. ஆலய வாசலில் பந்தல் போட வந்தவரோடு மல்லுக்கட்டி, ஒலிபெருக்கியைத் தூக்கி, இளைப்பாற வருகிறவர்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று அண்ணன் ஒரு வாரம் தூங்கவில்லை.

கூட்டத்தில் போதகர், "இப்ப எல்லாரும் கண்ண மூடி, ஒண்ணும் கேக்காம, சும்மா அவர் சமுகத்துல இருப்போம்" என்றார். ஆலயம் அடங்கியது. கடைசி வரிசை நாற்காலி ஆடுகிறதோ என்று பார்க்க அண்ணன் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நான்கு ஒலிபெருக்கிகளிலும் ஒரு குறட்டை கிளம்பியது. சோதித்துப் பார்க்கச் சட்டையில் மாட்டிய மைக்கை அவர் கழற்றவே இல்லை.

சபை குலுங்கிச் சிரித்தது. மனைவி பதறி எழுந்தாள்.

"எழுப்பாதீங்கம்மா," என்றார் போதகர். "சொன்னதச் செஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

அவள் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்தது.

விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. நாற்காலிகளை யாரோ சுவரோரம் அடுக்கியிருந்தார்கள், கொஞ்சம் கோணலாக.

"எல்லாம் முடிஞ்சிடுச்சா? நான் இல்லாமலா?"

"நீங்க இல்லாமதான்."

ஒரு நிமிஷம் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் அது எங்கே போனதென்று தெரியவில்லை, தோள் லேசாகிவிட்டது. "ஆண்டவரே..." என்று தொடங்கினார். கொடுக்க ஓர் உத்தரவும் அகப்படவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார், அழுதுகொண்டு, சந்தோஷமாக.

இதைப் படித்ததும் உங்கள் சபையில் நாலு பேர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? இதை உடனே அவர்களுக்கு அனுப்பி, படித்தார்களா என்று சாயங்காலம் விசாரித்து, திருந்தும்வரை விடக்கூடாது என்று தோன்றுகிறதா? சற்று உட்காருங்கள். அவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.