பாலுசாமி வாயைக் கட்டினார்

"அங்க போயி எவனையாச்சும் நக்கல் பண்ணிப்போட்டீங்கன்னா, அந்த ஊருச் சட்டப்படி நேரா ஜெயிலுதானுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டை நீட்டினார், கோயமுத்தூர் உக்கடத்தில் டிராவல்ஸ் நடத்தும் கரீம்.

பாலுசாமி டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையின் ஃபோர்மேன். அரபு நாட்டுத் தோட்டம் ஒன்றில் பம்ப் ஓடவில்லை, ஃபோர்மேனே நேரில் வர வேண்டும் என்று ஃபேக்ஸ் வந்திருந்தது. பத்து நாள் பயணம். திரும்பி வந்த மறுவாரம் மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம்.

"நான் பேசறது நம்மூருப் பேச்சுங்க. அதுக்கு எதுக்குங்க அவங்க சட்டம்?"

"அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போறப்ப செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானுங்களே போறோம்?"

"செருப்பைக் கழட்டலாம். நாக்கை எப்படிங்க கழட்டறது?"

நியாயமான கேள்விதான். பாலுசாமி யாரையும் மரியாதை இல்லாமல் பேசியதே கிடையாது. 'ங்க' போட்டுத்தான் மானத்தை வாங்குவார். "ஏனுங்க அழகிரிசாமி, இந்த ஷாஃப்டை லேத்துல கடைஞ்சீங்களா, எலிகிட்டக் குடுத்துக் கடிக்க உட்டீங்களா?" என்பதெல்லாம் பட்டறை லேத்துக்காரரிடம் அவர் சொல்லும் காலை வணக்கம்.

விஷயம் கேட்டதும் மனைவி ராசாத்தாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கண்ணாலத்தன்னைக்கு நீங்க ஜெயில்ல உக்கோந்திருந்தா, பொண்ணைத் தாரை வார்க்கறது யாருங்க? கெளம்பற வரைக்கும் வாயே தொறக்காதீங்க. பழகிக்கும்."

மறுநாள் பட்டறையில் பாலுசாமி வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பதினோரு மணிக்கு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நான் முந்தி இருந்த மில்லை மூடறதுக்கு முன்னாடி மேஸ்திரி இப்படித்தானுங்க ஊமையா இருந்தாரு" என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு மணிக்கு லேத்துகள் எல்லாம் நின்றுவிட்டன.

பயந்துபோன பாலுசாமி உடனே வாயைத் திறந்தார். நக்கல் பண்ணக் கூடாது, எனவே பாராட்டினார்.

"அழகிரிசாமி, ஷாஃப்ட் தங்கமாட்டம் இருக்குதுங்க."

அழகிரிசாமி பதறி, அந்த ஷாஃப்டை மூன்று தடவை அளந்து பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. கண் கலங்கிவிட்டது. "இருவது வருசம் வேலை செஞ்சிருக்கறனுங்க. குத்தம் இருந்தா நேரடியாச் சொல்லிப்போடுங்க. இந்த மாதிரி கேவலமா நக்கல் பண்ணாதீங்க!" என்று சொல்லிவிட்டு, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் துடியலூரிலிருந்து தங்கை சின்னத்தாயி வந்தாள். "வாம்மணி, நல்லாருக்கறயா? ரொம்ப எளைச்சுப்போயிட்டயே" என்றார் பாலுசாமி, பாசம் பொங்க.

சின்னத்தாயி நேராகச் சமையலறைக்குள் ஓடினாள். "அண்ணனுக்கு என்ன சீக்குங்கண்ணி? எங்கிட்ட மறைக்காதீங்க!" ஏழு மணிக்குள் எட்டுச் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. கல்யாண நாள் கண்முன்னே நின்றது. விமானம் ஏறுவதற்குள் நாக்கு முழுதாகத் திருந்திவிட்டது. அந்த நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியபோதுகூட, "ரொம்ப சந்தோஷமுங்க" என்றுதான் சொன்னார்.

தோட்டத்தில் வேலை செய்த ஏழு பேருமே கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். நான்கு பேர் முன்பு பாலுசாமியிடமே வேலை பார்த்தவர்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தபடி சுற்றி நின்றார்கள்.

அவர்களில் சமையல்காரரான ராமுலு ஊற்றிய சாம்பார் சுத்தியலால் தட்டினாலும் உடையாது. "அமிர்தமுங்க" என்றார் பாலுசாமி. ஏழு முகங்களும் கொஞ்சம் வாடின.

பம்ப்பைப் போய்ப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. மோட்டாரில் ஒரு வயர் கழன்று கிடந்தது, அவ்வளவுதான். இதை மாட்ட ஏழு பேர் போதாமல் ஒரு விமானம் வேறா? நாக்கின் நுனிவரை ஒன்று வந்துவிட்டது. லோகப்பிரியாவை நினைத்துக்கொண்டு விழுங்கினார்.

"ரொம்ப அருமையாப் பாத்துக்கறீங்க" என்றார்.

ஏழு பேரும் இழவு வீட்டில் நிற்பவர்களைப்போல நின்றார்கள். ராமுலுவுக்குத்தான் தாங்கவில்லை. மோட்டார் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பாலுசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா ஒருத்தரையொருத்தர் நல்லபடியாவே பேசிப் பேசிச் செத்துப்போயிட்டோமுங்கண்ணா; உங்க வாயால நாலு வாங்கிக்கலாம்னுதானுங்க அந்த வயரைக் கழட்டி உட்டோம்!"