விறகடுப்பே இல்லாத தெருவில் விறகுப் புகை

கர்த்தருக்குள் அன்பான மெர்சி அக்காவுக்கு, தம்பி சாம்சனின் ஸ்தோத்திரம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஆவல் உண்மை, நலம் இன்னும் உறுதிப்படவில்லை.

உறுதியானது இது: நம் தெருவுக்கு எக்ஸ்ரே வண்டி வராது. அதற்குப் பதிலாக நாற்பது காஸ் அடுப்புகள் வருகின்றன. சொன்னவர் தொண்டு நிறுவனச் செயலாளர் ஸ்டீபன். நாங்கள் நிதி கேட்டிருந்த கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலை நானும் படித்தேன். குவைத்தில் நீ வேலை செய்யும் வீட்டில் போனை வைத்துக்கொண்டு அழ இடமிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

பத்திரிகையில் நிருபராக இருந்தவரை நடந்ததை எழுதினேன். இப்போது ஒப்பந்தத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன்; கொடுப்பவருக்குப் பிடித்ததை எழுத வேண்டும். யேசுதாஸ் மாமாவின் இருமல் அவரைக் கட்டிக்கொண்ட உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "லீவு போட்டா கேட் பாஸைப் புடுங்கிக்குவான்டா, இன்னா பண்ணச் சொல்ற?" என்பார். ஆஸ்பத்திரியே தெருவுக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே கும்மிடிப்பூண்டியில் மாமா வேலை பார்க்கும் இரும்பு உருக்கும் கம்பெனியிடமே வண்டி கேட்டோம்.

விண்ணப்பத்தில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம். நான் 'உலைத் தூசி' என்று எழுதினேன். ஸ்டீபன் அடித்தார். "குடுக்கிறவன் மூஞ்சில கரி பூசாதண்ணே." 'காற்று' என்று எழுதினேன். "காத்து யாரோடதுன்னு கேப்பான்." கட்டத்தைக் காலியாக விட முடியாது. கடைசியில் 'விறகடுப்புப் புகை' என்று எழுதினோம். அடுப்பு யார் மேலும் வழக்குப் போடாது என்பது ஸ்டீபனின் கணக்கு.

கம்பெனியிலிருந்து திலகவதி மேடம் அடுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்த பிறகுதான் தெருவில் ஒரு விறகடுப்பும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது, எதிர்வீட்டு சின்னப்பொண்ணு "காஸ் வந்து எத்தினி வருசமாச்சு, நீ எந்த ஊருக்கு எழுதிக்கினு கீற?" என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினாள், விறகுக்கு எங்கே போவது, கம்பெனிக்குச் சாமான் வரும் மரப்பெட்டிகள் உடைந்ததைப் பின்வாசலில் விற்பார்கள், அதை வாங்கிவந்து ஊட்டுக்கு ஊடு பத்த வெச்சோம், பெட்டியிலிருந்த பெயிண்டு எரிந்து தெருவே மறைந்துபோச்சு, பிறந்ததிலிருந்து இருமாதவர்களும் இருமினார்கள், மாமாவை மட்டும் "நல்லா இருமறது நீதான்" என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். மேடம் கைக்குட்டைக்குள்ளிருந்தே "காரணம் உறுதி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

காரணத்தையே சரிசெய்துவிட்டால் வண்டி தேவையில்லையாம். அதனால் அடுப்பு. "கீற அடுப்புக்கே சிலிண்டர் வாங்க டப்பு இல்ல. இது மேல ஏறி நின்னு இருமறதா?" என்றாள் சின்னப்பொண்ணு.

அத்தோடு முடியவில்லை. திங்கட்கிழமை காலை காண்ட்ராக்டர் ஜெகன் மாமாவைக் கேட்டிலேயே நிறுத்தினான். "ஊட்டுப் புகையால வந்த இருமலுக்கு கம்பெனி இன்னா நைனா பண்ணும்? உன் மச்சானே எழுதிக் குடுத்துகீறான். சரியானப்புறம் வா." கேட் பாஸை வாங்கிக்கொண்டான். மாமா என்னைத் திட்டவில்லை. "உன் எழுத்தை இப்பதான் ஒருத்தன் முழுசா படிச்சிகீறான்" என்றார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். உனக்கு எங்கேயாவது வலித்தால், எதனால் என்று மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே.

அன்புத் தம்பி,
சாம்சன்

பின்குறிப்பு: திருத்தம். மாமா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். "இருமலே இல்ல, தெனம் வேலைக்குப் போறார்னு எழுதுடா. அவ அங்கருந்து கெளம்பி வந்துட்டா அவளுக்கும் பேஜாரு" என்கிறார். ஆகவே மேலே உள்ளதை நீக்கிப் படிக்கவும்: மாமாவுக்கு இருமல் இல்லை. இதைச் சொன்னவர் மாமா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தினார். வேறு யாரும் இதை உறுதிசெய்யவில்லை. இனி லீவு கேட்க வேண்டியதில்லை என்பதால் செவ்வாய்க்கிழமை பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறோம். முடிவு அன்று மாலைக்குள் தெரியும் என்கிறார்கள்.