வெர்லினின் அவசர விரல்

ஐந்து வருஷமாக வெர்லின் ஹாகன்ஸனின் அம்புக்கு விஸ்கான்ஸினில் எந்த மானும் பயந்ததில்லை. மரங்கள்தான் பயந்தன. குறி பார்ப்பதில் அவனைக் குறை சொல்ல முடியாது. கேடெல்லாம் விரலில் இருந்தது. வேட்டைவில்லின் நாணை விரலால் இழுப்பதில்லை. மணிக்கட்டில் கட்டிய ஒரு விசை நாணைக் கவ்விக்கொள்ளும், அதை மெல்ல அழுத்தினால் விடும். மெல்ல என்பதுதான் வெர்லினுக்கு வராத வித்தை. வில்லில் பொருத்திய குறிமுனையின் பச்சைப் புள்ளி மானின் விலாவை உரசினால் போதும், விரல் விசையைப் படக்கென்று அடித்துவிடும். வில் குலுங்கும், அம்பு தன் இஷ்டத்துக்குப் போகும். மான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துபோகும். ஓடக்கூட ஓடாது. அதைத்தான் பாவி மனுஷனால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அவன் மனைவி ஆர்டிஸ் நிலவறை ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பை பட்டாணி, மிச்சமெல்லாம் பனிக்கட்டி.

"இந்த வருஷமும் இது காலியா இருந்தா, ஓக் மர மேடையை விட்டு எறங்கிடுப்பா," என்றாள்.

நாற்பது ஏக்கர் காடும் ஆர்டிஸின் அப்பா விட்டுப்போனது. அதில் மான் வருகிற இடம் அந்த ஒற்றை ஓக்தான், பதுங்கி உட்கார அதன் மேலே ஒரு மேடை. ஃப்ரீசரில் கறி போடுகிறவருக்கே அந்த மேடை என்பது மாமனார் காலத்துச் சட்டம். கறி போடாமலே ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ன பேச முடியும்? மேடை மச்சான் கேய்லனுக்குப் போய்விடும் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கேய்லனோடு பழைய தகராறு ஒன்று உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெர்லின் கடைசியாக அடித்த மானைக் கேய்லன்தான் முதலில் பார்த்தான், அவன்தான் காதில் கிசுகிசுத்தான். ஆகவே பாதி தனக்கு என்று நன்றி நாள் வான்கோழி விருந்தன்று கேட்டுவிட்டான். வெர்லின் முள்கரண்டியால் மேஜையைத் தட்டித் தட்டித் தீர்ப்புச் சொன்னான்: யார் பார்த்தார்கள், யார் கூட நின்றார்கள் என்ற பேச்சே கிடையாது, விசையை அழுத்தினவர் யாரோ மான் அவருடையது. ஆர்டிஸ் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டே கேட்டிருந்தாள்.

வெர்லின் விசையை மாற்றிப் பார்த்தான். வில் கடைக்காரர் சிபாரிசு செய்த இரண்டாவது விசைக்குப் பொத்தானே கிடையாது. முதுகை இறுக்கிக் கையை லேசாகத் திருப்பினால் தானாக விடுமாம். பாதி இழுக்கும்போதே அது தானாக விட்டது. அவன் முஷ்டி அவன் வாயிலேயே குத்தியது. மறுநாள் சர்ச் விருந்தில் வீங்கிய உதட்டோடு நின்றான். எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை என்று அவள் சொன்னாள். ஒருத்தர்கூட நம்பவில்லை.

மூன்றாவதற்குக் கட்டைவிரல் பொத்தான். இரண்டே நாளில் ஆள்காட்டி விரலின் வியாதி கட்டைவிரலுக்கும் தொற்றிக்கொண்டது. கொட்டகையில் வெறும் வைக்கோல்கட்டின் முன்னால் ஆறடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு எய்தால் அற்புதமாக வந்தது. கண்ணைத் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மூன்று விசைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, தன் ஜாதகத்தையே நொந்துகொண்டான்.

கடைசி வைத்தியமாகக் கடைக்காரர் ஒன்று சொன்னார். நீ இழுத்துக் குறி மட்டும் பார், விசையை வேறொருவர் அழுத்தட்டும், எப்போது விடும் என்று தெரியாவிட்டால் அவசரம் தானாக அடங்கும். வெர்லின் பழைய மணிக்கட்டு விசையையே மாட்டிக்கொண்டு ஆர்டிஸிடம் கெஞ்சினான். எனக்கென்னப்பா தெரியும் இதெல்லாம் என்று அவள் ஒதுங்கினாள். கிறிஸ்துமஸ் வரை பாத்திரம் கழுவுகிறேன் என்ற பிறகுதான் கொட்டகைக்கு வந்தாள். பின்னால் நின்று பூப்போல அழுத்தினாள். பத்து அம்பும் நடுவில் தைத்தன. வெர்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவன் விரலிடம் விசையைத் திருப்பிக் கொடுத்ததும் பதினோராவது அம்பு கொட்டகைச் சுவரில் போய் நின்றது.

அக்டோபரும் முடிந்தது. அப்போதுதான் வெர்லினுக்கு அந்த யோசனை உதித்தது. மேடையில் இரண்டு பேர் உட்காரலாம். இவளையே கூட்டிப்போனால் என்ன? கறி ஃப்ரீசருக்கு, மேடை எனக்கு. தன்னைப் போல ஒரு மூளைக்காரன் மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இல்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான். மானுக்கு மனுஷ வாடை தட்டாமலிருக்க வாசனையில்லாத சோப்பு வாங்க டவுனுக்குப் போன ஆர்டிஸ், கடையில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள். அவன் கவனிக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம், உறைபனிக் காலை. எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான் வந்து ஓக்குக்குக் கீழே நின்றது. வெர்லின் இழுத்தான். விரலை மடக்கிக்கொண்டான். ஆர்டிஸ் அவசரப்படவில்லை. அவன் இனி முடியாது என்று நினைத்த நொடியில் அழுத்தினாள். மான் நாற்பது தப்படி ஓடி விழுந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் இறங்கி வருவதற்குள் ஆர்டிஸ் முந்திப் போய்க் கொம்பில், டவுனில் கையெழுத்துப் போட்டு வாங்கிய வேட்டைச் சீட்டைக் கட்டியிருந்தாள். அதில் அவள் பெயர் இருந்தது.

"என்ன இது?"

"என் மானு."

"வில்லு என்னுது. இழுத்தது நானு. குறி பாத்தது நானு."

"யாரு பாத்தா, யாரு கூட நின்னாங்கிற பேச்சே கெடையாதுன்னு நம்ம வீட்ல ஒருத்தர் சொன்னாரு. முள்கரண்டியால தட்டித் தட்டிச் சொன்னாரு. கேய்லனுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். கூப்பிட்டுக் கேக்கவா?"

வெர்லின் ஐந்து வருஷம் உட்கார்ந்த மேடையை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப மேடை?"

"கறி போட்டவங்களுக்கு." அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். தோளில் தட்டிக்கொடுத்தாள். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதப்பா. அடுத்த வருஷமும் உன்னையே கூட்டிட்டு வரேன். எனக்கும் வில்லு இழுக்க ஒரு ஆள் வேணுமில்ல."