ஆட்டெமன் வளர்த்த முள்

திண்டுக்கல் வட்டாரத்து வெள்ளாடுகள் என்றைக்காவது மாநாடு கூட்டியிருந்தால், முதல் கண்டனத் தீர்மானம் எங்கள் ஆட்டெமன் பேரில்தான் நிறைவேறியிருக்கும். வனத்துறையில் ஃபாரஸ்டர். ஆட்டுக்கு எமன் என்று ஊர் வைத்த பெயர் அது; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நானே அதை எழுதும்போது, யார் இது என்று ஒரு கணம் யோசிப்பேன்.

சிறுமலை அடிவாரத்தில் மரக்கன்று வளர்ப்பது அவர் வேலை. வளர்த்ததையெல்லாம் ஆடு தின்றது. பரம சைவமாக இருந்தவர் அந்த ஆத்திரத்தில் பிரியாணிக்கு மாறினார். கேட்டதற்கு, "அது என் கன்னைத் திங்குது, நான் அதைத் திங்கிறேன். இதுல என்னப்பு தப்பு?" என்றார். சாயங்காலம் பேகம்பூர் பக்கம் போனால் தோல் பதனிடும் ஷாப் வாசலில் நின்று, காயப்போட்ட ஆட்டுத்தோல்களைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருப்பேன்.

ஆட்டை மட்டும் சொல்வானேன்? எங்கள் ஊருக்கு மழை ஐப்பசியில் வரும்; மரம் நடுவிழா ஆடியில் வரும். பெரிய மனிதர்கள் காற்றில் பறக்கும் மேல்துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்றை நடுவார்கள். ஆவணிக்குள் அது சுள்ளியாகிவிடும். மறு வருடம் அதே குழி, அதே மாலை மரியாதை, வேறு கன்று. "குழிக்கு மட்டும் வயசாவுது" என்று ஆட்டெமன் பல்லைக் கடிப்பார்.

மலையடியில் தானாக முளைத்துப் பிழைத்த கன்றுகளெல்லாம் முள்புதருக்குள்ளேயே நிற்பதை ஒருநாள் அவர் கவனித்தார். அவ்வளவுதான், அடுத்த ஐப்பசி மழையில் வேங்கைக் கன்றையும் உசிலைக் கன்றையும் புதர்களின் நடுவே புகுந்து நட்டார். சட்டை கிழிந்தது, கையெல்லாம் ரத்தக் கீறல். ஆனால் உள்ளே வெயில் நேராக விழவில்லை, ஈரம் நின்றது, வாயை வைத்த ஆட்டுக்கு முள் குத்தியது. சில கோடைகளைத் தாண்டி இடுப்பளவு வளர்ந்துவிட்டன. அவற்றைவிட்டுப் போக மனமில்லாமல், தேடி வந்த பதவி உயர்வையே வேண்டாமென்றார். அவர் வீட்டம்மாள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில் மதராஸிலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. முன்னேற்பாட்டுக்கு வந்த எங்கள் மேலதிகாரியின் கண்ணில் முள்தான் பட்டது. வெட்டிச் சுத்தம் செய்யச் சொன்னார். ஆட்டெமன் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அய்யா, கண்ணுக்குத் தெரியாம இருக்கவும்தான் அதுக உசுரோட இருக்கு."

"தெரியாத கன்னை வர்றவருக்கு எப்படிய்யா காட்டுறது?" என்றார் அதிகாரி.

முள் போனது. கன்றுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கற்களை வைத்தோம். பெரியவர் வந்தார், காரிலிருந்து இறங்காமலே "பேஷ்" என்றார், சிறுமலை வாழைத்தாரோடு கிளம்பினார். கார் கிளப்பிய புழுதி அடங்குமுன் ஆடுகள் வந்துவிட்டன. மிச்சத்தைச் சித்திரை வெயில் பார்த்துக்கொண்டது. சுண்ணாம்புக் கற்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

காவலில் அசட்டை என்று மெமோ வந்தது ஆட்டெமனுக்கு. அதிகாரிக்குப் பாராட்டு. இவரைக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு விறகு டிப்போவுக்குத் தூக்கி அடித்தார்கள்.

மனசு கேட்காமல் ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். "செத்த மரத்துக்குக் காவல் போட்டிருக்காங்கப்பு. இதை ஆடும் திங்காது, ஆபீசரும் வெட்டச் சொல்ல மாட்டாரு" என்றார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் முள்ளைக் குவித்து வைத்திருந்தார். நான் எட்டிப் பார்க்கவும் சட்டென்று குறுக்கே வந்து நின்றுகொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன்: உள்ளே விரல் தடிமனில் ஒரு வேப்பங்கன்று.

"பார்த்ததை ஆபீஸ்ல சொல்லிராத அப்பு."

ஓய்வு பெறும்வரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தச் சிடுமூஞ்சி மனிதருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன சிநேகிதன்?