செல்லக்காசுத் தொட்டியில் ஏறும் உப்பு

“மறுபடியும் ஏறியிருக்கு பூவிழி!”

கலைவாணன் மீன்தொட்டியில் மிதந்த கண்ணாடிக் குழாயை முறைத்துக்கொண்டு நின்றான். தண்ணீரில் உப்பு கூடினால் அந்தக் குழாய் மேலே எழும்பும். நேற்று அடக்கமாகக் கிடந்தது, இன்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“தூக்கத்துல நீங்களே எழுந்துவந்து போட்டீங்களோ என்னவோ,” என்றாள் உள்ளேயிருந்து பூவிழி. “டிபன் பாக்ஸ் கட்டியாச்சு. அரியலூர் பஸ்ஸு போயிடப்போவுது.”

“முட்டை வச்சிருக்குடி! இந்த நேரத்துல உப்பு இப்படி ஏறுனா அத்தனையும் வெளுத்துப்போயிடும்.”

“அதுக்கு எங்கிட்ட ஏன் கத்துறீங்க? முட்டைய நானா வச்சேன்?”

வைத்தது செல்லக்காசு. கடலும் ஆறும் கலக்கும் அரை உப்புத் தண்ணீரில் வாழும் குட்டி மீன். பேருக்கு ஏற்றபடி காசு அளவுதான் இருக்கும். நிறம் மட்டும் புது மஞ்சள். அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, பெரம்பலூரில் வாடகைக்குக் குடிவந்தபோது, முத்துப்பேட்டையிலிருந்து கலைவாணன் கொண்டுவந்தவை இரண்டு: ஒன்று பூவிழி, இன்னொன்று இந்த மீன்கள். வீட்டுக்குள் டிவி இருக்க வேண்டுமா, தொட்டி இருக்க வேண்டுமா என்று பூவிழி கேட்டுவிட்டதால், தொட்டி முதல் மாடியில், படி திரும்பும் இடத்தில், வாசலுக்கு வெளியே இருந்தது. இத்தனை நாள் சண்டை மட்டுமே போட்ட ஜோடி, இந்த வாரம் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து முட்டை ஒட்டியிருந்தது. கூட இருந்த மோலி மீன்களை ஒரு மூலைக்குத் துரத்திவிட்டு, அப்பனும் ஆத்தாளும் மாறிமாறி முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தன.

மொட்டைமாடிக்கு வடகத் தட்டோடு படியேறி வந்தாள் வீட்டுச் சொந்தக்காரி செல்வம்மாள்.

“ஏன் தம்பி, இந்தத் தொட்டிய இப்படி வாசல்லயே வச்சிருக்கிறியே, இது...”

“தெரியும்மா. எடுக்கச் சொல்லப்போறீங்க. எடுக்க மாட்டேன்!” கலைவாணன் நிமிர்ந்தான். “கடல் இல்லாத ஊர்ல உப்புத்தண்ணி மீனான்னு கேப்பீங்க. அரியலூர்ல தோண்டிப் பாருங்க, கல்லுக்குள்ள சங்கு இருக்கு. ஒரு காலத்துல இந்த எடமே கடல்தான். எம்மீனு இங்க குடிவரல. திரும்பி வந்திருக்கு!”

செல்வம்மாள் தட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “சொல்ல வந்தத சொல்ல வுடுறானா பாரு,” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அன்று இரண்டு வாளி உப்புத் தண்ணீரை வெளியே எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றினான் கலைவாணன். எடுத்த தண்ணீரை மாடியின் வடிகுழாயில் விட்டான். அந்தக் குழாய் கீழே செல்வம்மாளின் கருவேப்பிலைச் செடியடியில் முடிகிறது என்பது, செடி இலையெல்லாம் வாடித் தொங்கிய பிறகுதான் தெரிந்தது.

“எவன்டா எஞ்செடிக்குக் கொள்ளி வச்சவன்?” என்ற குரல் தெருமுனை டீக்கடைவரை போனது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். செடியைப் பார்த்தார்கள். காரணம் கேட்டு மாடிக்கு ஏறி மீனைப் பார்த்தார்கள். “ஏ யாத்தே, தங்கக் காசாட்டம்ல இருக்கு!” என்றார்கள்.

மறுநாள் காலை தொட்டியில் கண்ணாடிக் குழாய் இன்னும் மேலே நின்றது.

குழாய்தான் பொய் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, சோதனைக்கூடத்திலேயே பார்த்துவிடலாம் என்று அரியலூருக்கு எடுத்துப் போனான். மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். வெயிலில் வந்த மேலதிகாரி மணிவண்ணன் அதைத் திறந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

“கலைவாணா! இது என்னய்யா, யாராவது அழுது புடிச்சு வச்சதா?”

“மீன் தொட்டித் தண்ணி சார்.”

மணிவண்ணன் வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்ததும் கோபப்படவில்லை. “நான் குடிச்சது எந்த மீன் குளிச்ச தண்ணின்னு நான் பாத்தே ஆவணும்,” என்றார். ஞாயிற்றுக்கிழமை மனைவி, மச்சினி, மச்சினியின் மாமியார் சகிதம் வந்து, தொட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தொட்டிக்குள், மணலில் கரையாமல் கிடந்த ஒரு கல் உப்பைக் கலைவாணன் பார்த்தான். அவன் எப்போதும் வாளியில் கரைத்து, வடிகட்டித்தான் ஊற்றுவான்.

“யாரோ போடுறாங்க பூவிழி. வேணும்னே போடுறாங்க.”

“யாரு போடுவா?”

“எஞ்செடி போச்சேன்னு தெருவக் கூட்டுனது யாரு? மொதல்லேருந்தே தொட்டி மேல கண்ணு யாருக்கு? முட்டைய அழிச்சா நான் தொட்டிய எடுத்துடுவேன்னு பாக்குறாங்க. எடுக்க மாட்டேன்!”

கண்ணாடிப் பலகையால் தொட்டியை மூடி மேலே செங்கல் வைத்தான். பெரம்பலூர் வெயிலில் உள்ளே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மூடியை எடுத்துவிட்டு, அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான்: ‘இத்தொட்டியில் உப்புப் போடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’

அப்படி என்னதான் நடவடிக்கை என்று பார்க்கத் தெருவே வந்தது. பால்காரர் வந்தார். கேபிள்காரர் வந்தார். குரும்பலூரிலிருந்து யாருடைய உறவுக்காரர்களோ ஷேர் ஆட்டோவில் வந்தார்கள்.

“முட்டைக்குக் காவக் காக்குது பாரு. நம்ம வூட்டு ஆம்பளைங்க இப்படிச் செய்வாங்களா?” என்றாள் ஒருத்தி.

செல்வம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “எல்லாரும் எறங்குங்க கீழ! தம்பி, ஒனக்கு ஒருதரம் சொன்னா...”

“எங்க வாசலுக்கு ஆளு வரதத் தடுக்க உங்களுக்கு உரிமையில்லம்மா! வாடகை குடுக்குறோம்!”

“அட, கேளேன்டா...”

“கேக்க மாட்டேன்!”

அன்று குழாய் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது.

கலைவாணன் லீவு போட்டான். மொட்டைமாடிப் படியில், பழைய தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். பூவிழி காபி கொண்டுவந்து கொடுத்து, “திருடன் வந்தா கூப்பிடுங்க, எனக்கும் பாக்கணும்,” என்றாள்.

சற்று நேரத்தில் கீழே கொலுசுச் சத்தம் கேட்டது. செல்வம்மாள் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். மூடிய கை ஒன்று தொட்டிக்கு மேலே நீண்டது.

“கையத் தொறங்க!”

டிரம் உருண்டது. பூவிழி ஓடி வந்தாள். செல்வம்மாளின் உள்ளங்கையில் பளபளவென்று கல் உப்பு.

“வூட்டக் காலி பண்ணச் சொல்லுங்க, பண்றேன்!” கலைவாணனின் குரல் உடைந்தது. “வாடகைய ஏத்துங்க, குடுக்குறேன். வாயில்லாத ஜீவன ஏம்மா கொல்றீங்க? இங்க பாருங்க, கல்லப் பாருங்க! முட்டை ஒண்ணுகூட இல்ல! நிம்மதியா? இதுக்கு மேலயும் சொல்றேன், இந்தத் தொட்டி இங்கேருந்து நகராது!”

“கொல்றனா? நானா?” செல்வம்மாளுக்கு முகம் சிவந்தது.

“ஏங்க,” என்றாள் பூவிழி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. “கல்லப் பாக்காதீங்க. மணலப் பாருங்க.”

மணலில் பறித்த சின்னக் குழியில், கடுகுக்கு வால் முளைத்ததுபோல ஒரு கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. அப்பனும் ஆத்தாளும் துடுப்பை விரித்துக்கொண்டு மேலே நின்றன. முட்டை அழியவில்லை. அத்தனையும் பொரிந்திருந்தது.

சத்தம் கேட்டு, செல்வம்மாளின் கணவர் சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டபடி படியேறி வந்தார். மனைவியின் கையில் இருந்த உப்பைப் பார்த்தார். குஞ்சுகளைப் பார்த்தார். கலைவாணனைப் பார்த்தார்.

“நல்லா கேட்ட தம்பி. போன வருசம் நான் கால ஒடச்சுக்கிட்டுக் கெடந்தப்பகூட எனக்கு ஒரு கல்லு உப்பு சுத்திப் போடாதவ, ஊரு கண்ணு பட்டுடப்போவுதுன்னு ஒம்மீனுக்குத் தெனம் சுத்திக் கரைக்கிறா!”